தொடக்கப் பெட்டி முழுமை

ஒரு நாடு விடுதலை பெற்றுவிட்டது என்பதற்கு அடையாளம் என்ன? கொடி ஏறுவதா? கயிறு இருந்தால் எந்தக் கொடியும் ஏறிவிடும். வாணவெடி முழங்குவதா? மழை பெய்யாவிட்டால் அதுவும் முழங்கிவிடும். உண்மையான அடையாளம் வேறு. ஊரிலுள்ள தீயணைப்புப் பம்பின் கைப்பிடிக்கு என்றைக்குச் சொந்தமாக ஒரு பெயர் கிடைக்கிறதோ, அன்றைக்குத்தான் ஒரு நாடு தலைநிமிர்கிறது. இந்தப் பேருண்மையை லண்டனில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. மலாக்காவில், கஜா பேராங் சுயேச்சைத் தீயணைப்புச் சங்கத்தின் செயற்குழுதான் கண்டுபிடித்தது. மெர்டேக்கா என்னும் மலாயா விடுதலை வந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம் அது.

சங்கத்தின் தலைவர் அடைக்கப்பன் செட்டியார். கூட்டத்துக்கு நாற்காலியும் தேநீரும் அவர் உபயம் என்பதால் தலைமைக்கு அவரைவிடத் தகுதியானவர் இல்லை. செயலாளர் சாமிநாதன், ஜாலான் துக்காங் எமாஸில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வக்கீலே பேசத் தயங்கும் சட்டத்தை அவர் தெருவில் பேசுவார். துணைத்தலைவர் பொன்னுதுரை, மலாக்காச் செட்டி வம்சத்தவர். அவருக்குப் பெயர் தமிழ், பேச்சு மலாய். நான்காவது ஆள்தான் நம்முடைய அப்துல் சமது. ஊரில் துணிக்கடை, சங்கத்தில் பெட்டிப் பொறுப்பாளர். இரண்டில் எது பெரிது என்று கேட்டால் அவர் யோசிக்காமல் பெட்டி என்பார்.

அது என்ன பெட்டி? யுத்தம் முடிந்து பட்டாளம் கிளம்பியபோது ஏலத்தில் விட்ட பம்பு ஒன்றைச் சங்கம் வாங்கியிருந்தது. பெட்ரோலில் ஓடுவது. மூக்கில் ஒரு கைப்பிடியைச் செருகிச் சுற்றினால் உயிர் வரும். கைப்பிடி, பிளக்கு, திருகுச் சாவி, குழாயை மாட்டும் பூட்டு என்று சின்னச் சாமான்களைப் பம்போடு விட்டுவைத்தால், பழைய இரும்புக்காரனுக்குக் கண் அங்கேயே போகும். ஆகவே பம்பைக் கிளப்பத் தேவையானது எதுவோ அதை மட்டும் ஒரு மரப்பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். அதுதான் தொடக்கப் பெட்டி. நீள நீளக் குழாய்களும் ஏணியும் பக்கத்துச் செங்கல் கிடங்கில் இருந்தன. கிடங்கின் சாவியும் ஊரைக் கூப்பிடும் மணியும்கூடப் பெட்டிக்குள்ளேதான். சுருக்கமாகச் சொன்னால், பெட்டி இருந்தால் சங்கம் உண்டு. பெட்டி இல்லாவிட்டால் நாலு நாற்காலியும் தேநீரும்தான்.

பம்புக் கொட்டகைக்கு அடுத்த வீடு சமது பாயுடையது. அதனால் பெட்டி அவர் வீட்டு முன்னறையில் மரியாதையாக வீற்றிருந்தது.

அவர் மனைவி பஷீராவுக்குப் பெட்டியிடம் அவ்வளவு மரியாதை இல்லை. அவளுக்கு இருந்தது ஓர் அடுப்படி. வீட்டின் பின்பக்கம் அவளே முயன்று கட்டிக்கொண்டது. பஷீராவின் கறிபாப் பலகாரம் கஜா பேராங்கில் தொடங்கி கிளேபாங் காப்பிக்கடைகள் வரை போகும். துணிக்கடை தூங்கிய மாதங்களில் குடும்பம் பட்டினி கிடக்காததற்கு அந்த அடுப்படிதான் காரணம். இதை சமது பாய் வெளியில் சொன்னதில்லை, உள்ளுக்குள் மறந்ததும் இல்லை. அடுப்படிக்கு ஒரே குறை, கூரை அத்தாப்பு ஓலை.

"ஏங்க, தகரம் போட்டுக் குடுங்களேன். எண்ணெச் சட்டிக்கு மேல ஓலை. எனக்குப் பக்குபக்குன்னு இருக்கு," என்று அவள் கேட்காத மாதம் இல்லை.

"தகரம் போட்டா வெந்துருவ நீ. பக்கத்துலயே பம்பு நிக்குது. பெட்டி நம்ம வூட்டுல இருக்கு. மலாக்காவுல வேற எவ அடுப்படிக்கு இந்தப் பாதுகாப்பு இருக்கு, சொல்லு."

பஷீரா பெட்டியைப் பார்த்தாள். அடுப்படியைப் பார்த்தாள். சரி, புருஷன் பேச்சையும் ஒரு தடவை நம்பித்தான் பார்ப்போமே என்று விட்டுவிட்டாள்.

உண்மையில் சமது பாய் தம் வேலையில் புலி. மாதம் பிறந்தால் பெட்டியைக் கிடங்குக்குக் கொண்டுபோவார். எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைத்து எண்ணெய் தடவி, அலமாரியில் அதனதன் பெயர்ச்சீட்டுக்கு நேரே ஓர் இரவு காயவைப்பார். மறுநாள் பெட்டியை மறுபடி கட்டுவார். மூடியின் உட்புறத்தில் பட்டியல் இருந்தது. பம்பை ஒப்படைத்த பட்டாளத்துத் துரை சொல்லச் சொல்ல, யாரோ தமிழ் எழுத்தில் பெயிண்டால் எழுதியது. கீழே துரையின் கையெழுத்து. சமது பாய் பட்டியலில் ஒரு பெயரை வாசிப்பார், அலமாரியில் அந்தப் பெயர்ச்சீட்டைத் தேடுவார், அதன் கீழிருப்பதை எடுத்துப் பெட்டியில் வைப்பார். எல்லாம் முடிந்ததும் மூடியின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் 'முழுமை' என்று எழுதுவார். அந்த ஒரு சொல்லை எழுதும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த வேலைக்குச் சங்கம் இரண்டே விதிகள் வைத்திருந்தது. இரண்டும் அனுபவத்தில் பிறந்தவை. பட்டியலில் 'பிளாக்கவுட் மூடி' என்று ஒன்று உண்டு. குண்டு வீசும் காலத்தில் விளக்கை மறைக்க வைத்தது, யுத்தத்தோடு தொலைந்துவிட்டது. சமது பாய் அதைத் தேடி ஒரு நாள் முழுக்கக் கடை திறக்காமல் இருந்த பிறகு, 'கிடைக்காத பொருளுக்காகக் காத்திருக்கலாகாது. விட்டுவிட்டு மேலே செல்க' என்று விதி வந்தது. இன்னொரு முறை செட்டியாரின் குடையும் செருப்பும் பெட்டிக்குள் கிடந்தன. அன்றைக்கு, 'பட்டியலில் இல்லாத பொருளை உள்ளே வைக்கலாகாது' என்று அடுத்த விதி வந்தது. இரண்டு விதிகளிலும் ஒரு குற்றம் சொல்ல முடியாது. நல்ல விதிகளால் ஊர் எரியும் என்று யார் கண்டார்கள்.

இந்த நிலையில்தான் சாமிநாதன் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"தலைவர் அவர்களே. நாடு விடுதலை அடைந்துவிட்டது. ஆனால் நம் கிடங்கில் இன்னும் 'ஹேண்டில்' தொங்குகிறது. 'ஸ்பேனர்' படுத்திருக்கிறது. துரை போய்விட்டார், துரையின் நாக்கு நம் அலமாரியில் இருக்கிறது. இது தகுமா?"

செட்டியாருக்கு உடம்பு சிலிர்த்தது. தகாது என்றார். உடனே பெயர்மாற்றத் துணைக்குழு பிறந்தது. ஹேண்டில், 'சுழற்றுகோல்' ஆயிற்று. பிளக்கு, 'பொறிமுளை'. ஸ்பேனர், 'திருகுச் சாவி'. குழாய் மாட்டும் கப்ளிங், 'இணைவளையம்'. ஸ்டோர் கீ, 'கிடங்குத் திறவுகோல்'. ஒவ்வொரு பெயருக்கும் தேநீர் வந்தது.

பொன்னுதுரைக்குப் பாதி புரிந்தது. அவர் கையை உயர்த்தி, "நாமா தூக்கார், பாராங் சாமா ஜுகா, லா," என்றார். பெயர்தான் மாறுகிறது, சாமான் அதே சாமான்தானே என்பது அவர் கருத்து. 'துணைத்தலைவர் மகிழ்ச்சி தெரிவித்தார்' என்று செயலாளர் குறித்துக்கொண்டார்.

சமது பாய்க்கு ஒரு சந்தேகம் வந்தது. "சீட்ட மாத்துறீங்க, சரி. மூடில இருக்கிற பட்டியல் பழைய பேருல இருக்கே. அதையும் மாத்திரலாமா?"

செட்டியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பாய், அது சரித்திரச் சின்னமப்பா. துரை கையெழுத்துப் போட்டது."

"துரை பேரு வேணாம்னுதானே..."

"பெயர் வேண்டாம். கையெழுத்து வேண்டும்," என்றார் சாமிநாதன். "மேலும், பட்டியலைத் திருத்தும் அதிகாரம் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கே உண்டு. துணைக்குழுவின் அதிகாரம் சீட்டோடு முடிகிறது. சட்டம் தெரியாமல் பேசக்கூடாது, பாய்."

சமது பாய் உட்கார்ந்துவிட்டார். சட்டம் தெரியாமல் பேசுகிறவன் என்று பெயர் வாங்க எந்தக் கடைக்காரனுக்கு ஆசை.

அந்த மாதம் சாமான்கள் அலமாரியில் காய்ந்துகொண்டிருந்த மாலையிலேயே சீட்டுகள் மாறின. புதுச் சீட்டுகள் பூவேலை போட்ட கரையோடு கண்ணைப் பறித்தன. மறுநாள் காலை சமது பாய் கிடங்கைத் திறந்து, சாவியை அதன் ஆணியில் மாட்டிவிட்டுப் பெட்டி கட்ட நின்றபோது, புது ஏற்பாட்டின் அழகை ரசிக்கச் சாமிநாதனும் வந்திருந்தார்.

"ஸ்டார்ட்டிங் ஹேண்டில்," என்று சமது பாய் வாசித்தார். அலமாரியைப் பார்த்தார். ஹேண்டில் அவரைப் பார்த்தது. பத்து வருஷமாக எண்ணெய் தடவிய சாமான். இருட்டில் தொட்டாலும் தெரியும். "ஐயா, இதுதானே ஹேண்டிலு?"

"இருந்தது."

"இப்ப?"

"சீட்டைப் படியுங்கள்."

"சுழற்றுகோல்னு போட்டிருக்கு."

"பட்டியலில் சுழற்றுகோல் இருக்கிறதா?"

"இல்லிங்க."

"பட்டியலில் இல்லாததை வைக்கலாமா?"

"கூடாது."

"அலமாரியில் ஹேண்டில் என்ற சீட்டு இருக்கிறதா?"

"அதுவும் இல்ல."

"கிடைக்காத பொருளை என்ன செய்ய வேண்டும்?"

"விட்டுட்டு மேல போகணும்," என்று சமது பாய் ஒப்பித்தார். ஒப்பித்துவிட்டு ஹேண்டிலை இன்னொரு தடவை பார்த்தார். "இருந்தாலும், பம்பு கிளம்பணுமேங்க."

"பாய். நீங்கள் பம்புக்குப் பொறுப்பா, பெட்டிக்குப் பொறுப்பா?"

"பெட்டிக்கு."

"பிறகென்ன. ஹேண்டில் இந்த நாட்டிலேயே இல்லை. இல்லாததற்கு நீங்கள் பொறுப்பில்லை."

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. பிளக்கு கிடைக்கவில்லை, விடப்பட்டது. ஸ்பேனர் கிடைக்கவில்லை, விடப்பட்டது. கப்ளிங் அப்படியே. கடைசியில் ஸ்டோர் கீ. கதவோரம் ஆணியில் சாவி தொங்கியது. மேலே 'கிடங்குத் திறவுகோல்' என்று சீட்டு. சமது பாய் கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டார்.

"இதையும் உள்ளயே வுட்டுட்டு வெளிய பூட்டவா?"

"கிடங்கின் திறவுகோல் கிடங்கில் இருப்பதில் என்ன முறைகேடு?"

அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் சீமைப் பூட்டு அது. அமுக்கினார். பூட்டிக்கொண்டது. பட்டியலில் ஆரம்பத்திலிருந்தே தமிழாக இருந்தவை இரண்டுதான்: மணி, கந்தல் துணி. அவை மட்டும் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. சமது பாய் மூடியின் மேல் 'முழுமை' என்று எழுதினார். அன்றைக்கு எழுத்து கொஞ்சம் கோணியது.

வீட்டில் பஷீரா பெட்டியை நகர்த்திக் கூட்டப் போனாள். ஒற்றைக் கையில் தூக்கிவிட்டு அப்படியே நின்றாள்.

"என்னங்க இது, பெட்டி இப்படி லேசா இருக்கு? உள்ள சாமான் இருக்கா?"

"மேல என்ன எழுதியிருக்கு, பாரு."

"எனக்கு எழுத்து வேணாம். சாமான் இருக்கான்னு கேட்டேன்."

"விதிப்படி எல்லாம் இருக்கு. கமிட்டி விசயம், பொம்பளைங்களுக்கு வெளங்காது," என்றார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் கடைக்குப் போனார். அவளிடம் உண்மையைச் சொல்லியிருந்தால், அடுத்த நிமிஷம் கடப்பாரையோடு கிடங்கு வாசலில் நின்றிருப்பாள். அந்த அவமானம் சங்கத்துக்கு வேண்டாம் என்று நினைத்தார். நல்லவர்தான். நல்லவர்களிடம்தான் இந்த ஆபத்து.

தீக்குச் சங்க விதி எதுவும் தெரியாது. அந்த வாரமே, உச்சிவெயில் சாய்ந்த நேரத்தில் வந்துவிட்டது.

பஷீரா கறிபாப் பொரித்துக்கொண்டிருந்தாள். கடல் பக்கமிருந்து ஒரு காற்று அடித்தது. எண்ணெய்ச் சட்டியில் பற்றிய நெருப்பு எட்டி ஓலையைப் பிடித்தது. சாப்பிட வந்த சமது பாய் அவள் போட்ட சத்தத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். பெட்டியைத் திறந்து மணியை எடுத்து அடித்தார். மணியைக் குறை சொல்ல முடியாது. புக்கிட் பாரு வரை கேட்டிருக்கும்.

செயற்குழு கூடிய வேகம் பொன்னெழுத்தில் பொறிக்கத் தக்கது. செட்டியார் மேல்துண்டோடு வந்தார். சாமிநாதன் வக்கீலின் சைக்கிளில் வந்தார். பொன்னுதுரை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். நாலு பேருமாகப் பம்பைத் தள்ளி, மழைத்தண்ணீர் நிறைந்து ஓடிய லொங்காங் வாய்க்கால் ஓரம் நிறுத்தினார்கள். சாமிநாதன் கையை நீட்டினார்.

"சுழற்றுகோல்."

"அது பட்டியல்ல இல்லிங்க," என்றார் சமது பாய்.

"பட்டியலில் என்ன இருந்தது?"

"ஹேண்டில்."

"சரி, அவசரத்துக்கு அதையாவது கொடுங்கள்."

"அது நாட்டுலயே இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க."

செட்டியார் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். கந்தல் துணி அவரைப் பார்த்தது. எல்லோரும் கிடங்குக்கு ஓடினார்கள். சன்னல் கம்பி வழியாகப் பார்த்தால் எல்லாம் தெரிந்தது. சுழற்றுகோல் பளபளத்தது. இணைவளையம் மினுமினுத்தது. ஆணியில் கிடங்குத் திறவுகோல் தொங்கியது, கைக்கு எட்டாத தூரத்தில். சீட்டுகளின் கையெழுத்து அவ்வளவு தூரத்திலிருந்தும் தெளிவாகப் படிக்க முடிந்தது.

"பூட்ட ஒடைங்க," என்றார் சமது பாய். பின்னால் ஓலை வெடிக்கும் சத்தம் கேட்டது.

"சங்கச் சொத்து," என்றார் சாமிநாதன். "சேதப்படுத்த வேண்டுமானால் தீர்மானம் வேண்டும்."

"போடுங்க தீர்மானத்த."

"நாலு பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். துணைத்தலைவர் எங்கே?"

பொன்னுதுரை அங்கே இல்லை. அவர் லொங்காங் ஓரம் நின்று "ஆயர், ஆயர்" என்று தண்ணீருக்கு மலாயில் கத்திக்கொண்டு, வாளியில் தண்ணீர் மொண்டு அண்டை வீட்டுப் பெண்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். கூட்டத்துக்குத் திரும்பி வரும்படி செயலாளர் இரண்டு முறை அழைத்தும் அவர் இணங்கவில்லை. ஆக, பூட்டை உடைக்கச் சட்டத்தில் இடமில்லாமல் போயிற்று.

சமது பாய் அதற்கு மேல் நிற்கவில்லை. வீட்டின் பின்பக்கம் ஓடினார். அங்கே பஷீரா ரம்புத்தான் பழம் பறிக்கும் துரட்டியை எரிகிற கூரையில் மாட்டி, இழுத்துக்கொண்டிருந்தாள். துரட்டியின் மூங்கிலும் பற்றத் தொடங்கியிருந்தது. அவள் விடவில்லை. ஓடிப்போய் அவரும் பிடித்தார். கூரை மொத்தமாகச் சரிந்து முற்றத்தில் விழுந்தது. பெண்கள் வாளி வாளியாக ஊற்றினார்கள். வீடு தப்பியது. தெரு தப்பியது. அடுப்படி போய்விட்டது. அது நின்ற இடத்தில் ஓர் எண்ணெய்ச் சட்டியும் கரியும்தான் மிச்சம்.

பஷீரா அழவில்லை. சமது பாய்தான் அழுதார். "மன்னிச்சிரு புள்ள," என்றார். அவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் தண்ணீர் வாளிக்குள் முக்கினாள்.

இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு சாதாரணச் சங்கமாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடும். நம் சங்கம் அப்படியல்ல. விசாரணை வைத்தது. தேடிக் கண்டுபிடிப்பதில் அனுபவசாலி என்பதால் விசாரணை அதிகாரியாகச் சமது பாயையே நியமித்தது. அவர் வேண்டாம் என்றார். பொறுப்பைத் தட்டிக்கழிக்கக்கூடாது என்றார் செட்டியார். பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் பஷீராவையும் அழைத்து, சுவரோரம் உட்காரவைத்தார்கள்.

கண்டறிய வேண்டியவற்றின் பட்டியலைச் சாமிநாதன் எழுதிக் கொடுத்தார். சமது பாய் ஒவ்வொன்றாக வாசித்தார்.

"எரிந்த பொருள்."

"அடுப்படி. கிடைத்தது," என்றார் சாமிநாதன்.

"தீயின் காரணம்."

"காற்று. கிடைத்தது."

"தவறு செய்தவர்."

சமது பாய் நிமிர்ந்து நாற்காலிகளைப் பார்த்தார். துணைக்குழு தன் உற்சாகம் தீராமல் நாற்காலிகளுக்கும் சீட்டு ஒட்டியிருந்தது. தலைவர். துணைத்தலைவர். செயலாளர். காலியாகக் கிடந்த தம் நாற்காலியில், பெட்டிப் பொறுப்பாளர்.

"அந்தப் பேருல சீட்டு எதுவும் இல்லிங்க," என்றார்.

"கிடைக்காததை என்ன செய்ய வேண்டும்?" என்று சாமிநாதன் கனிவாகக் கேட்டார்.

சுவரோரத்திலிருந்து பஷீராவின் குரல் வந்தது.

"சீட்ட வுடுங்க. ஆளு கண்ணுக்குத் தெரியுதா, இல்லையா?"

சமது பாய் அவளைப் பார்த்தார். பிறகு தம் நாற்காலியைப் பார்த்தார். "தெரியுது," என்றார்.

"தெரிவது பட்டியலில் இல்லை," என்று சாமிநாதன் குறுக்கிட்டார். "விட்டுவிட்டு மேலே செல்லவும்."

மேலே செல்வதற்கு ஒன்றும் இல்லை. பட்டியல் முடிந்துவிட்டது. விசாரணை முழுமை என்று செட்டியார் அறிவித்தார். கடமை தவறாத சங்கத்துக்கு நன்றி கூறும் தீர்மானத்தைச் செயலாளர் முன்மொழிந்து, எல்லோரும் கைதட்டி ஏற்கும்படி கேட்டுக்கொண்டார். செட்டியார் தட்டினார். மற்றவர்கள் தட்டுவதைப் பார்த்துப் பொன்னுதுரையும் தட்டினார். சமது பாயின் கைகளும், அவரைக் கேட்காமலே, இரண்டு தட்டுத் தட்டின.

பஷீரா மட்டும் தட்டவில்லை. துரட்டி பிடித்த இரண்டு உள்ளங்கைகளும் கொப்புளித்து, துணி சுற்றியிருந்தன. செயலாளர் அதைக் கவனிக்கத் தவறவில்லை. கைதட்டாத அந்த ஒருவர் சங்கத்தின் உறுப்பினர் அல்லர் என்பதால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதிக்கொண்டார்.